களா: காட்டுக் கனியும் வேலிப் பயிரும்

உளுந்தூர்ப்பேட்டையின் பெயரிலே ஒரு பயறு இருக்கிறது. அதற்கு அருகிலுள்ள திருநாவலூரின் பெயரிலே ஒரு காட்டுக் கனி இருக்கிறது. ஊருக்குப் பெயரிட்ட நம் முன்னோர், நிலத்தில் விளைவதையும் தரிசில் தானே முளைப்பதையும் ஒன்றுபோலவே மதித்தனர் என்பதற்கு இவை சான்றாகும். விளைவதை இன்றும் மதிக்கிறோம். தானே முளைப்பதை மாத்திரம் மறந்து வருகிறோம். அவ்வாறு மறக்கப்பட்டவற்றுள் முதலாவதாகச் சொல்லத்தக்கது களா. இதனைக் கிளா என்றும், இதன் காயைக் களாக்காய், கிளாக்காய் என்றும் நம் ஜில்லாவில் வழங்குவர். 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் விழுப்புரம் ஜில்லாவினின்றும் பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி ஜில்லாவில், உளுந்தூர்ப்பேட்டையின் செம்மண் மேடுகள் முதல் கல்வராயன் மலையின் அடிவாரச் சரிவுகள் வரையில், மனிதர் கை படாமல் எஞ்சியிருக்கும் புதர்க்காடுகளில் இச்செடியைக் காணலாம்.

இக்கட்டுரையில் களாச் செடியின் இலக்கணத்தையும், அதனைப் பிற செடிகளினின்று பிரித்தறியும் வழியையும், அதன் கனியால் தேகத்திற்கு உண்டாகும் நன்மையின் உண்மையான அளவையும், அதனை வேலிப் பயிராக வளர்க்கும் முறையையும் முறையே கூறுவோம். நிலச்சுவான்தார்களும் கிராம அலுவலர்களும் இதனை ஒருங்கே கவனித்தல் வேண்டும். ஏனெனில் களாப்புதர் பாதி பட்டா நிலத்தின் வரப்பிலும், பாதி புறம்போக்கிலும் நிற்கிறது. ஒருவர் காத்து மற்றவர் அழித்தால் பயனில்லை.

பெயரும் ஜாதிகளும்

தாவர நூலார் களாவை அபோசைனேசி என்னும் குடும்பத்தில் சேர்ப்பர். அரளி, மஞ்சள் அரளி, நித்தியகல்யாணி, சர்ப்பகந்தி ஆகியவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. இவற்றுட் பெரும்பாலானவை நஞ்சுடையவை என்பதை வாசகர் நினைவில் வைத்தல் நலம். இந்தக் குடும்பத்திலே, பழுத்த கனியை அச்சமின்றித் தின்னக்கூடிய சிலவற்றுள் களாவும் ஒன்று.

நம் பக்கத்தில் களா இரண்டு வகைப்படும். முதலாவது பெருங்களா. லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் தேசத்துத் தாவர நூலார் 1767-ஆம் ஆண்டில் இதற்குக் காரிஸ்ஸா காரண்டாஸ் என்று பெயரிட்டார். இதன் காய் பெரிது. தோட்டங்களிலும் வேலிகளிலும் வைத்து வளர்க்கப்படுவதும், கடையில் ஊறுகாய்க்காக விற்கப்படுவதும் பெரும்பாலும் இதுவே. இரண்டாவது சிறுகளா. இதற்குக் காரிஸ்ஸா ஸ்பைனாரம் என்று பெயர். இது முற்றிலும் காட்டுச் செடி. சோழமண்டலக் கரையை அடுத்த உலர்ந்த பசுமைமாறாக் காடுகளிலும், அய்யனார் கோயிலைச் சுற்றிக் காப்பாற்றப்பட்டு வரும் கோயிற்காடுகளிலும், கரட்டு நிலங்களிலும் இது மிகுதியாக உண்டு. காய் சிறிதாயினும் பழுத்தபின் இனிப்பு அதிகம். ஆடு மேய்க்கும் சிறுவர் பறித்துத் தின்பது பெரும்பாலும் இதன் பழத்தையே.

செடியின் இலக்கணம்

களா, என்றும் பசுமை மாறாத முட்புதர். சாதாரணமாக 2 முதல் 4 மீட்டர் உயரம் வளரும். வேரடியிலிருந்தே பல கிளைகள் விட்டு நெருங்கிப் பின்னிக்கொள்ளும். தண்டு, இலை, காய் ஆகிய எதைக் கிள்ளினாலும் வெண்மையான பால் வடியும்.

இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமைந்தவை. தடிப்பாயும், தோல் போன்றும், மேற்புறம் கரும்பச்சையாயும் பளபளப்பாயும், அடிப்புறம் வெளுத்தும் இருக்கும். பெருங்களாவின் இலை 3 முதல் 7 சென்டிமீட்டர் நீளமுள்ளது. சிறுகளாவின் இலை அதனினும் சிறிது.

முட்கள் கணுக்களில் இரண்டிரண்டாகத் தோன்றும். நேராகவும் உறுதியாகவும் இருக்கும். சிலவற்றின் நுனி இரண்டாகக் கவைபட்டிருக்கும். பெருங்களாவின் முள் 5 சென்டிமீட்டர் வரையில் நீள்வதுண்டு. இலந்தை முள்ளைப் போல் வளைந்து கொக்கியாக இராமல், ஊசியைப் போல் நேரே நிற்பது களாமுள்ளின் அடையாளம்.

பூக்கள் கிளையின் நுனியில் கொத்தாக மலரும். அவை வெண்மை நிறமானவை. சிலவற்றில் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். அடியில் மெல்லிய குழாயும் மேலே ஐந்து இதழ்களும் கொண்டு, பார்வைக்கு மல்லிகையைப் போலவே தோன்றும். மணமும் ஏறக்குறைய மல்லிகையின் மணமே. தேனீக்கள் விரும்பி வரும். பெரும்பாலும் மாசி, பங்குனி மாதங்களில் பூத்து, வைகாசியில் காய் திரண்டு, ஆனி முதல் ஆவணி வரையில் பழுக்கும். மழையின் போக்கிற்கேற்ப இக்காலம் சிறிது முன்பின்னாகலாம்.

காய் முட்டை வடிவானது. பெருங்களாக்காய் ஏறக்குறைய 1½ முதல் 2½ சென்டிமீட்டர் நீளமிருக்கும். பிஞ்சில் பச்சையாகவோ, வெண்மையில் சிவப்பு படர்ந்தோ இருந்து, பின்னர்ச் செந்நிறமாகி, முற்றப் பழுத்தபின் கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ மாறும். சதை சாறுள்ளது. உள்ளே தட்டையான சிறு விதைகள் சில இருக்கும். காயில் புளிப்பும் துவர்ப்பும் மிகுதி. பழத்தில் புளிப்புக் குறைந்து இனிப்புக் கூடும்.

போலிகளைப் பிரித்தறியும் வழி

புதர்க்காட்டில் முள்ளும் கனியும் உள்ள செடிகள் பல. அவற்றை ஒன்றோடொன்று மயங்கக் கூடாது. களாவை அறிவதற்கு மூன்று அடையாளங்களை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். எதிரெதிரான பளபளப்புள்ள இலை, நேரான இரட்டை முள், கிள்ளினால் வடியும் வெண்பால் ஆகிய மூன்றும் ஒருங்கே இருந்தாலன்றி அது களாவன்று.

சூரைச் செடிக்கு வளைந்த முள்ளும், பழத்தினுள் ஒரே கொட்டையும் உண்டு, பால் இல்லை. காரைச் செடிக்கு எதிரெதிரான முள் இருந்தாலும் பழம் மஞ்சள் நிறமானது, பால் இல்லை. சங்கஞ்செடிக்குக் கணுவுக்கு நான்கு முள் வரையில் இருக்கும், பழம் வெண்மையானது. சொத்தைக்களா என்று பெயர் வழங்கும் செடி, பெயரளவில் களாவேயன்றிக் குடும்பத்தால் வேறானது. அதன் இலைகள் மாற்றி மாற்றி அமைந்தவை. அதற்கும் பால் இல்லை. இவையெல்லாம் தின்னக்கூடிய கனிகளே. ஆதலால் மயங்கினாலும் பெருந் தீங்கில்லை.

ஆனால் உண்ணிச்செடியைப் பற்றி எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவின் வெப்பப் பிரதேசங்களிலிருந்து அலங்காரச் செடியாக நம் தேசத்திற்குக் கொண்டுவரப்பட்டு, இப்பொழுது மலைச்சரிவுகளையும் தரிசுகளையும் கவர்ந்துகொண்டிருக்கும் இச்செடி, களா நிற்கும் இடங்களிலேயே நிற்கிறது. இதன் பழமும் சிறியதாய், உருண்டையாய்க் கருநீலமாக இருக்கும். பச்சைக் காய் நஞ்சுடையது. குழந்தைகள் தின்றால் வாந்தியும் மயக்கமும் உண்டாகும். இலையை மேயும் மாடுகளுக்குக் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட இடத்தில் தோல் வெடிக்கும். உண்ணிச்செடியின் இலை சொரசொரப்பானது. கசக்கினால் நெடி வீசும். பூக்கள் பல நிறங்கலந்த சிறு கொத்து, பழங்களும் நெருங்கிய கொத்தாகவே இருக்கும், பால் வடிவதில்லை. இவ்வேறுபாட்டைப் பள்ளிச் சிறுவர்க்குச் செடியைக் கையில் காட்டிச் சொல்லிக் கொடுப்பது ஆசிரியர்களின் கடமையாகும். மஞ்சள் அரளியின் காயும் பால் உள்ளதே. அதன் விதை இருதயத்தை நிறுத்திவிடக்கூடிய கொடிய நஞ்சு. அதற்கு முள் இல்லை என்பதும், இலை குறுகி நீண்டது என்பதும், காய் பெரிதாய்க் கோணலாய் இருக்கும் என்பதும் வேற்றுமை. ஆகவே “பால் இருந்தால் களா” என்று ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு முடிவு செய்வது ஆபத்து. மூன்று அடையாளங்களையும் பார்க்க வேண்டும்.

கனியின் சத்துக்கள்

இனிக் கனியின் குணத்தைப் பார்ப்போம். நம் தேசத்து உணவுச் சத்து அட்டவணைகளில், பச்சைக் களாக்காய் 100 கிராமில் 91 கிராம் நீர் என்றும், அது தரும் உஷ்ண சக்தி 42 கலோரி என்றும் காணப்படுகிறது. ஆகவே பசியை ஆற்றும் உணவாக இதனைக் கொள்ள முடியாது. இதன் பயன் வேறு வகையானது.

முதலாவது, புளிப்பு. களாவில் உள்ள அமிலங்கள் நாவில் நீரூறச் செய்து உணவில் விருப்பத்தை உண்டாக்கும். கோடையிலும் காய்ச்சலுக்குப் பின்னும் சோறு பிடியாதவர்க்குக் களாத் துவையல் கொடுக்கும் வழக்கம் இதனால் ஏற்பட்டதே.

இரண்டாவது, ஸி வைட்டமின். பச்சைக் கனியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். பல்லீறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோயைத் தடுப்பதற்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் போதுமாதலின், இந்நோய்க்குக் களா நல்லது என்று பழைய வைத்தியர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆயினும் நெல்லிக்கனியில் இச்சத்து நூற்றுக்கணக்கான மில்லிகிராம் உண்டு. களாவை நெல்லிக்கு இணையாகச் சொல்வது மிகையாகும்.

மூன்றாவது, பெக்டின் என்னும் பசைப்பொருள். பழச்சாற்றைக் கூழாக உறையச் செய்வது இதுவே. குடலுக்கும் இதமானது. செங்காய்ப் பருவத்தில் இது மிகுதி. பழம் முற்றக் கறுத்தபின் குறைந்துவிடும்.

நான்காவது, நிறப்பொருள். பழத்தின் கருஞ்சிவப்பு, நாவலுக்கும் நிறங்கொடுக்கும் ஆந்தோசயனின் இனத்தைச் சேர்ந்தது. இவ்வகைப் பொருள்கள் தேகத்திற்கு நல்லவை என்று பல ஆராய்ச்சிகள் கூறுகின்றன. களாவின் சத்து நீரிழிவையும் ஈரல் நோயையும் தணிக்கிறது என்று எலிகளைக் கொண்டு செய்த பரிசோதனைகளும் உண்டு. ஆனால் எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும் என்று முடிவு கட்டிவிடலாகாது. நீரிழிவுக்காரர் தம் மருந்தை நிறுத்திவிட்டுக் களாவை நம்புவது பெருந் தவறு.

இரும்பைப் பற்றிய கணக்கு

களாவைப் பற்றிப் பேசுவோர் எல்லோரும் அதில் இரும்புச் சத்து நிரம்ப உண்டு என்கிறார்கள். இது நம் ஜில்லாவுக்கு மிக முக்கியமான விஷயம். 2019 முதல் 2021 வரையில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கும் இரத்தசோகை இருக்கிறது. நாற்று நடவும், களையெடுப்பும், கரும்பு வெட்டும் பெண்களின் கையாலேயே நடக்கும் ஊர்களில், இரண்டு பெண்களில் ஒருவருக்கு இரத்தம் குறைந்திருப்பது குடும்பத்தின் துன்பம் மட்டுமன்று, விவசாயத்தின் நஷ்டமுமாகும். ஆகையால் களாவின் இரும்பைச் சரியாகக் கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம்.

அட்டவணையில் காணும் புகழ்பெற்ற எண் 100 கிராமுக்கு 39.1 மில்லிகிராம் என்பது. இதனைப் பச்சைக் கனியின் அளவென்று பலர் எடுத்துச் சொல்லுகின்றனர். அது பிழை. அந்த எண் உலர்ந்த களாவுக்கு உரியது. பச்சைக் களாவில் நூற்றுக்கு 91 பங்கு நீர். உலர்ந்ததில் ஏறக்குறைய 18 பங்குதான் நீர். ஆகவே 100 கிராம் பச்சைக் கனியை உலர்த்தினால் கிடைப்பது சுமார் 11 கிராம். அந்த 11 கிராமில் உள்ள இரும்பு சுமார் 4.3 மில்லிகிராம். பச்சைக் கனி 100 கிராமில் இருப்பதும் அவ்வளவே, 39 அன்று. மேலும், பழைய அட்டவணைகளில் உணவில் ஒட்டிய மண்தூசியால் இரும்பின் அளவு மிகுத்துக் காணப்பட்டதும் உண்டு. ஆதலின் இதனையும் மேலெல்லையாகவே கொள்ளுதல் நலம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-ஆம் ஆண்டில் விதித்தபடி, வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராமும், ஆணுக்கு 19 மில்லிகிராமும் இரும்பு வேண்டும். உலர்ந்த களா 10 கிராம், அதாவது ஒரு சிறு கைப்பிடி, தரக்கூடியது அதிகமாகக் கொண்டாலும் 4 மில்லிகிராமுக்கு உட்பட்டதே. பெண்ணின் தேவையில் இது ஏழில் ஒரு பங்கு. இது அற்பமன்று, ஆனால் முழுமையும் அன்று.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பில் பெரும்பகுதியை நம் குடல் ஏற்றுக்கொள்வதில்லை. புளிப்பும் ஸி வைட்டமினும் கூடவே சேர்ந்தால் ஏற்கும் அளவு மிகும். ஆகவே களாவின் பயன் அதனுள் இருக்கும் இரும்பில் மட்டுமன்று. கம்பங்கூழுக்கும், கேழ்வரகுக் களிக்கும், முருங்கைக் கீரைக்கும் பக்கத்தில் வைத்து உண்ணும்பொழுது, அந்தப் பிற உணவிலுள்ள இரும்பும் உடம்பில் சேர அது உதவுகிறது. கூழுக்குக் களாக்காய் கடித்துக்கொண்ட நம் முன்னோர் இரசாயனம் படித்தவரல்லர். ஆயினும் அவர்கள் வழக்கம் இரசாயனத்திற்கு ஒத்தே இருக்கிறது. உணவோடு தேநீரும் காப்பியும் குடித்தால் இதற்கு நேர்மாறான பலன் உண்டாகும். உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுதல் வேண்டும்.

இரத்தசோகை உள்ளவர், முக்கியமாகக் கர்ப்பிணிகள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கப்படும் இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் உட்கொள்ள வேண்டும். கொக்கிப்புழு குடலில் இருந்தால் எவ்வளவு இரும்பும் வீணாகுமாதலின் குடற்புழு மருந்தும், செருப்பணிந்து நடப்பதும், கழிப்பறை உபயோகமும் அவசியம். களா இவற்றுக்குத் துணையே, மாற்று அன்று.

எச்சரிக்கைகள்

களாவின் கனி உண்ணத்தக்கது, வேர் அவ்வாறன்று. வேரில் இருதயத்தைத் தாக்கும் பொருள்கள் உண்டு. வேரை அரைத்துக் குடிப்பது, கஷாயம் வைப்பது முதலியவற்றைத் தேர்ந்த சித்த மருத்துவரின் மேற்பார்வையின்றி யாரும் செய்யலாகாது.

பச்சைக் காயை வெறும் வயிற்றில் மிகுதியாகத் தின்றால் பாலும் புளிப்பும் தொண்டையைக் கரகரக்கச் செய்து வயிற்றையும் எரிக்கும். உப்பில் ஊறிய களாவை இரத்தக் கொதிப்பு உள்ளவர் அளவாகவே உண்ண வேண்டும். சாலையோரத்திலும் பூச்சிமருந்து அடித்த வயலோரத்திலும் நிற்கும் புதரின் பழத்தை நன்றாகக் கழுவாமல் தின்னலாகாது.

பதப்படுத்தும் முறைகள்

களாப்பழம் பறித்தபின் மூன்று நான்கு நாளுக்கு மேல் நில்லாது. செங்காய் ஒரு வாரம் வரையில் நிற்கும். ஆகையால் வீட்டிலேயே பதப்படுத்தத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த முறையானாலும் முதலில் காயைக் காம்பு நீக்கி, இரண்டாகக் கீறி, உப்புநீரில் அரைமணி நேரம் போட்டு, பால் நீங்க இரண்டு மூன்று தடவை கழுவ வேண்டும். கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது. செம்பு, பித்தளை, அலுமினியம் ஆகிய பாத்திரங்களைப் புளிப்பு அரிக்குமாதலின், மண்பாண்டம், பீங்கான், எவர்சில்வர் ஆகியவற்றையே உபயோகிக்க வேண்டும்.

உப்புக் களா: கழுவிய காய் ஒரு கிலோவுக்குக் கல்லுப்பு 150 கிராமும் சிறிது மஞ்சள் தூளும் சேர்த்து ஜாடியில் இட்டு, வாயைத் துணியால் கட்டி, நாள்தோறும் குலுக்கிவர வேண்டும். பத்து நாளில் பதமாகும். ஈரக் கை படாதிருந்தால் பல மாதங்கள் கெடாது.

உலர்ந்த களா: பழுத்த கனியைக் கீறி விதை நீக்கி, பாயில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி நான்கைந்து நாள் வெயிலில் காயவிட வேண்டும். துணி மூடுவது ஈயையும் மண்தூசியையும் தடுப்பதற்காகும். பத்துக் கிலோ பழத்திற்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட வற்றல் கிடைக்கும். குழம்பிலும் துவையலிலும் புளிக்குப் பதிலாக இதனைச் சேர்க்கலாம்.

களாக் கூழ்ப்பாகு: சிவந்த செங்காய் ஒரு கிலோவை அது மூழ்கும் அளவு நீர் விட்டு மெதுவாக வேகவைத்து, மசித்து, துணியில் வடிகட்ட வேண்டும். கொதிக்கும்போது பால் திரண்டு பசைபோல் மிதக்கும். ஆறினால் சாறு தெளிந்துவிடும். தெளிந்த சாறு நான்கு பங்குக்குச் சர்க்கரை மூன்று பங்கு சேர்த்துக் காய்ச்சி, கரண்டியிலிருந்து சொட்டாக விழாமல் தகடுபோல் வழியும் பருவத்தில் இறக்கிப் புட்டியில் அடைக்க வேண்டும். வேறு பசைப்பொருளோ எலுமிச்சஞ்சாறோ தேவையில்லை.

நகரங்களில் ரொட்டிக் கடைக்காரர் பன்னின்மேலும் கேக்கின்மேலும் வைத்து விற்கும் சிவந்த “செர்ரி”ப் பழத்திற் பெரும்பகுதி மெய்யான செர்ரியன்று. சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயமேறிய களாவே. நம் ஊர்த் தரிசில் ஆடு கூடத் தீண்டாது நிற்கும் காய், வேறொரு பெயரில் விலைக்கு வருகிறது என்பதை நிலச்சுவான்தார்கள் சிந்திக்க வேண்டும்.

வேலிப் பயிராக வளர்த்தல்

களா சரளைச் செம்மண்ணிலும், சிறிது உவர்ந்த நிலத்திலும் வளரும். வறட்சியைத் தாங்கும். நீர் தேங்கும் பள்ளத்தில் மாத்திரம் வாழாது. வடகிழக்குப் பருவ மழையையே பெரிதும் நம்பியிருக்கும் நம் மேட்டு நிலங்களுக்கு இதனினும் ஏற்ற உயிர்வேலி அரிது.

விதையை எடுத்தவுடன் விதைக்க வேண்டும். சேமித்து வைத்தால் முளைக்கும் சக்தி விரைவில் குன்றும். ஆடி, ஆவணியில் நன்கு பழுத்த பெரிய கனிகளைத் தெரிந்தெடுத்து, விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, மணலும் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்த பாத்தியிலோ பைகளிலோ விதைக்கலாம். போத்து வெட்டி நடுவது எளிதில் பற்றாது. தாய்ச்செடியின் குணம் மாறாமலிருக்க வேண்டுமானால் மழைக்காலத்தில் விண்பதியன் போடுவதே தக்கது. பெரிய காய் வேண்டுவோர்க்குப் பந்த்நகர் விவசாயப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா என்னும் ரகங்களும், மகாராஷ்டிரத்துத் தபோலியில் வெளியான கொங்கன் போல்டு என்னும் ரகமும் உண்டு.

ஓராண்டு வளர்ந்த கன்றுகளைப் புரட்டாசி, ஐப்பசியில் மழை தொடங்கியவுடன் நட வேண்டும். குழி 45 சென்டிமீட்டர் நீள அகல ஆழம் இருத்தல் வேண்டும். குழிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம் இடலாம். வேலியானால் செடிக்குச் செடி ஒரு மீட்டர். காய்க்காகத் தோப்பு வைப்பதானால் 3 மீட்டர். முதற் கோடையில் பத்து நாளுக்கொரு முறை தண்ணீர் விட்டு, ஆடு மேயாமல் முள் சுற்றிக் காக்க வேண்டும். இரண்டாம் ஆண்டுக்குமேல் தானே தன்னைக் காத்துக்கொள்ளும். நோயும் பூச்சியும் குறைவு. அரளியைத் தின்னும் பருத்த பச்சைப் புழு சில சமயம் இலையைத் தின்னும். கையால் பொறுக்கி எடுத்தால் போதும்.

விதைக்கன்று மூன்றாம் ஆண்டு முதல் காய்க்கும். நன்றாகப் பேணிய தனிப்புதர் 3 முதல் 5 கிலோ வரையில் தரும். கத்தரித்து நெருக்கமாக நிறுத்திய வேலியில் விளைவு குறையும். காய் பறித்து முடித்தபின் கத்தரிக்க வேண்டும். பூக்கும் பருவத்தில் கத்தரித்தால் அவ்வாண்டு விளைவு போயிற்று. சதுரமான ஓர் ஏக்கரின் சுற்றளவு ஏறக்குறைய 255 மீட்டர். அதற்குச் செடிகள் 255. செடிக்கு ஒரு கிலோவே கிடைத்தாலும் ஆண்டுக்கு 250 கிலோவுக்குக் குறையாது. கம்பிவேலி ஒரு பலனும் கொடாமல் துருப்பிடித்துப் போகும். களாவேலியோ ஆண்டுக்காண்டு பலத்து, தேனீக்கு மலரும், பறவைக்குக் கூடும், வீட்டுக்குக் காயும் தரும். கடலைக் கொல்லைக்கும் மரவள்ளிக் கொல்லைக்கும் இது ஏற்றது. சென்னை, திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையும் சேலம் சாலையும் சந்திக்கும் இடமாக உளுந்தூர்ப்பேட்டை இருப்பதால், ஊறுகாய் செய்வோர்க்குக் காயை அன்றன்றே அனுப்புவதும் கடினமன்று. ஆயினும் வாங்குவோரை முன்கூட்டிப் பேசிக்கொள்ளாமல் ஏக்கர்க்கணக்கில் தோப்பு வைக்க வேண்டாம் என்பதே எமது ஆலோசனை. முதலில் வேலி, விலை கண்டபின் தோப்பு.

கிராம அலுவலர்கள் கவனிக்க வேண்டியவை

புதர்க்காட்டைப் பயனற்ற நிலமென்று எழுதிவிடுவது எளிது. சவுக்கும் தைலமரமும் வைப்பதற்காக ஒரே நாளில் யந்திரத்தால் வாரித் தள்ளப்படும் புதர், பல ஆண்டுகள் வளர்ந்த களாவும் காரையும் சூரையும் ஆகும். கோயிற்காட்டையும், மந்தைவெளி ஓரத்தையும், பாறைப் புறம்போக்கையும் சுத்தம் செய்ய வேண்டிவரும்போது, உண்ணிச்செடியையும் சீமைக் கருவேலையும் வேரோடு களைந்து, களா முதலிய நாட்டுப் புதர்களை நிறுத்திவைக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்திற்கும் அங்கன்வாடிக்கும் சுற்றுவேலி அமைக்குமிடத்தில், குழந்தைகள் விளையாடும் உட்பக்கத்தை விட்டு வெளிப்பக்கத்தில் களாவை வைக்கலாம். ஏரிக்கரையில் வைப்பதற்கு முன் உரிய துறையின் அனுமதி பெற வேண்டும்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் முதலிய ஊர்களைச் சுற்றி வாழும் மலையாளிப் பழங்குடியினர் கடுக்காய், தேன், புளி இவற்றோடு காட்டுக் கனிகளையும் சேகரித்து வருபவர். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், வழிவழியாகச் சேகரித்து வந்த மரமல்லாத வனப்பொருள்களைச் சேகரிக்கவும், உபயோகிக்கவும், விற்கவும் அவர்களுக்குள்ள உரிமையை ஒப்புக்கொள்கிறது. அவ்வுரிமையைக் கோரும் மனுக்கள் கிராம சபையிலேயே தொடங்குகின்றன. ஆகையால் கிராம அலுவலர்கள் இச்சட்டத்தைத் தாமும் அறிந்து, மக்களுக்கும் எடுத்துச் சொல்லுதல் வேண்டும். சேகரிப்போரும் கிளையை முறித்துக் காய் பறிக்காமல், புதரில் நாலில் ஒரு பங்கு பழத்தைப் பறவைக்கும் விதைக்குமாக விட்டுவைத்தால் அடுத்த தலைமுறைக்கும் களா இருக்கும்.

முடிவுரை

சுருங்கச் சொல்லின், களா சர்வரோக நிவாரணியன்று. அதன் இரும்பு பலர் சொல்லும் அளவில் பத்தில் ஒரு பங்கே. ஆயினும் விலையின்றிக் கிடைத்து, கூழுக்கும் களிக்கும் துணையாகி, அவற்றின் சத்தையும் உடம்பில் ஏற்றி, நிலத்திற்கு வேலியாகவும் நிற்கும் ஒரு செடியை வெட்டி எறிந்துவிட்டுக் கம்பிக்கும் மாத்திரைக்கும் மட்டும் பணம் செலவிடுவது குடியானவனுக்கு அழகன்று. இவ்வாண்டு ஆடி மாதத்தில் ஒவ்வொரு நிலச்சுவான்தாரும் தம் ஊர்ப் புதரிலிருந்து கனிந்த பழம் ஒரு படி எடுத்து விதைத்து, அடுத்த ஐப்பசியில் ஒரு வரப்பிலாவது நட்டுப் பார்ப்பாராக. மூன்றாம் ஆண்டில் அதன் பலனை வீட்டிலுள்ள பெண்களும் குழந்தைகளும் காண்பர்.